செவனிங் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும் முறை

பிரிட்டன் அரசு 1983 முதல் வழங்கிவரும் செவனிங் உதவித்தொகை, அந்நாட்டில் ஓராண்டு முதுகலைப் படிப்புக்கான கல்விக் கட்டணம், மாதச் செலவு, விமானக் கட்டணம் ஆகியவற்றை ஏற்கிறது. இளநிலைப் பட்டமும் 2,800 மணி நேரப் பணி அனுபவமும் வேண்டும். பகுதிநேர வேலையும் தன்னார்வப் பணியும் இக்கணக்கில் சேரும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

படிப்புகளைத் தேர்ந்தெடுத்த பின், முழுக் கவனத்தையும் விண்ணப்பத்தில் எழுத வேண்டிய கட்டுரைகளுக்கே கொடுங்கள். "எனக்குத் தலைமைப் பண்பு உண்டு" என்று எழுதுவதைவிட, ஊர் நூலகம் மூடப்படவிருந்தபோது நீங்கள் யாரைச் சந்தித்தீர்கள், எத்தனை பேரிடம் கையெழுத்து வாங்கினீர்கள், முடிவில் என்ன மாறியது என்று விவரிப்பதே கட்டுரையைப் படிப்பவர் மனத்தில் நிற்கும். படிப்பு முடிந்ததும் தாய்நாடு திரும்பி ஈராண்டுகள் இருக்க வேண்டும் என்பதால், அங்கு நீங்கள் செய்யவிருக்கும் பணியையும் தெளிவாகக் குறிப்பிடுங்கள்.