பாட்டு ஓடாதப்பவே பிளேயர் சிபியு தின்னுதா? இப்படித் தேடிப் பாருங்க

கும்பகோணம் பக்கத்துல எங்க மாமா மைக் செட் வச்சிருக்காரு, நான் கூடமாட போய்ட்டு வர்றவன். முன்னாடி கேசட், அப்புறம் சிடி, இப்ப எல்லாமே லேப்டாப்தான். விடியக்காலம் 4 மணிக்கு பந்தக்கால் ஓரமா தொறந்து வச்சா ராத்திரி மூட்டை கட்டுற வரைக்கும் அது ஆன்லயே கிடக்கும், ஆனா பாட்டு ஓடுற நேரம் அதுல பாதிகூட இருக்காது. மேளக்காரங்க வாசிக்க உக்காந்தா நிப்பாட்டணும், ஐயர் மந்திரம் ஆரம்பிச்சா நிப்பாட்டணும், ஊர்ப் பெரியவர் மைக்க வாங்கிட்டா நிப்பாட்டணும்.

போன ஆடியில ஒரு கோயில் வேலை. பாட்டை நிப்பாட்டி வச்சிருக்கோம், லேப்டாப் ஃபேன் மட்டும் நெல்லு மிஷின் மாதிரி இரையுது, அடியில கை வச்சா சுடுது, கரண்ட் போனா ரெண்டரை மணி நேரம் தாங்குற பேட்டரி ஒரு மணி நேரத்துலயே சிவப்புக்கு வந்துருச்சு. மாமா "பாட்டே ஓடல, இது ஏன் மாப்ள இப்படி இரையுது"ன்னு கேட்டாரு. அந்தக் கேள்விக்குப் பதில் கண்டுபிடிக்க எனக்கு நாலு நாள் ஆச்சு, உங்களுக்கு ஒரு மணி நேரத்துல முடியணும்னுதான் இதை எழுதுறேன். காரணம் பாட்டு பிளேயர்தான், சும்மா இருக்குறப்பவும் சிபியுவை, அதாவது லேப்டாப்போட மூளையை, விடாம வேலை வாங்கிக்கிட்டு இருந்துச்சு. எந்த பிளேயர்னு பேர் சொல்லப் போறதில்ல, ஏன்னா இந்த வியாதி எந்த பிளேயருக்கும் வரலாம், தேடுற வழியும் எல்லாத்துக்கும் ஒண்ணுதான்.

மொதல்ல ஒண்ணு கேட்டுக்கிறேன், எடுத்த எடுப்புல அன்இன்ஸ்டால் பண்ணாதீங்க. நிறைய பிளேயர்ல அன்இன்ஸ்டால் பண்ணாலும் பழைய செட்டிங்ஸும் லைப்ரரியும் (பிளேயர் வச்சிருக்குற பாட்டு லிஸ்ட்) அப்படியே தங்கிரும், திரும்பப் போட்டா அதே வியாதி திரும்ப வரும், நீங்க என்னமோ சிஸ்டமே போச்சுன்னு நினைச்சுக்குவீங்க.

விண்டோஸ்ல கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூணையும் சேத்து அமுக்குனா டாஸ்க் மேனேஜர் வரும். அதுல பெர்ஃபாமன்ஸ் டேப்ல சிபியுவைத் தட்டி லாஜிக்கல் பிராசஸர் எத்தனைன்னு பாத்துக்குங்க. எங்க லேப்டாப்ல 4. இது எதுக்குன்னா, டாஸ்க் மேனேஜர் காட்டுற பர்சன்டேஜ் எல்லா பிராசஸரையும் சேத்த கணக்கு, அதனால 4 இருக்குற மிஷின்ல ஒரே ஒரு த்ரெட் (புரோகிராமுக்குள்ள தனியா ஓடுற ஒரு வேலை) மூச்சு விடாம ஓடுனா 25தான் காட்டும், 8 இருக்குற மிஷின்ல 12, 13 காட்டும். நிறைய பேரு 12ஐப் பாத்துட்டு கம்மிதானேன்னு விட்டுடுறாங்க, அது கம்மியே இல்ல, ஒரு லாஜிக்கல் பிராசஸர் முழுசா மாட்டிக்கிச்சுன்னு அர்த்தம். டீடெயில்ஸ் டேப்ல போய்ப் பாருங்க, நம்பர் 25ஐ ஒட்டியே ஆடாம அசையாம நின்னா பிளேயருக்குள்ள ஒரு த்ரெட் ஒரே இடத்துல சுத்திக்கிட்டு இருக்கு. 3, 7, 5ன்னு ஏறி இறங்கிக்கிட்டு இருந்தா அது வேற கதை, ஏதோ ஒண்ணு நிமிஷத்துக்கு நிமிஷம் வேலை பாக்குது, பெரும்பாலும் படம் வரையுறதாத்தான் இருக்கும்.

அதே டீடெயில்ஸ் டேப்ல காலம் தலைப்பு மேல ரைட் கிளிக் பண்ணி செலக்ட் காலம்ஸ்ல போய் சிபியு டைம்னு ஒண்ணு இருக்கும், அதை டிக் பண்ணுங்க. என்னைக் கேட்டா பர்சன்டேஜை விட இதுதான் நம்பகமான சாட்சி. பாட்டை நிப்பாட்டிட்டு அந்த நேரத்தை ஒரு பேப்பர்ல குறிச்சுக்குங்க, போய் ஒரு டீ குடிச்சிட்டு 10 நிமிஷம் கழிச்சு வந்து பாருங்க. நல்லா இருக்குற பிளேயர்னா ரெண்டு மூணு செகண்ட் ஏறியிருக்கும். எங்களுக்கு 10 நிமிஷத்துல 10 நிமிஷமும் ஏறியிருந்துச்சு. இனிமே எதை மாத்துனாலும் இதே 10 நிமிஷக் கணக்கைத் திரும்ப எடுத்துத்தான் சரியாச்சா இல்லையான்னு முடிவு பண்ணணும், ஃபேன் சத்தத்தை வச்சு முடிவு பண்ணக்கூடாது, அன்னைக்கு வெயில் குறைவா இருந்தாலே ஃபேன் அடங்கிரும்.

இப்ப தேடுற வேலை. நம்ம பக்கம் கடைமடைக்குத் தண்ணி வரலன்னா என்ன செய்வோம், வாய்க்கால் ஓரமா நடந்து ஒவ்வொரு மடையா அடைச்சுப் பாத்துக்கிட்டே போவோம், எதை அடைச்சதும் தண்ணி மட்டம் ஏறுதோ அங்கதான் ஒழுகுதுன்னு தெரிஞ்சுரும். ரெண்டு மடையை ஒண்ணா அடைச்சா எது காரணம்னு தெரியாது. இங்கயும் அதேதான், ஒரு நேரத்துல ஒண்ணே ஒண்ணு.

மொத மடை, பாஸ் (pause) பண்ணி வச்சிருக்கீங்களா இல்ல ஸ்டாப் பண்ணியிருக்கீங்களா. ரெண்டும் ஒண்ணு இல்ல. நிறைய பிளேயர்ல பாஸ் பண்ணா சவுண்ட் டிவைஸைப் பிடிச்ச பிடி விடாம வச்சிருக்கும், ஈக்வலைசர் மாதிரி எஃபெக்ட் போட்டிருந்தா அதுகூட வெறும் சத்தமில்லாத சத்தத்துக்கு ஓடிக்கிட்டு இருக்கலாம். ஸ்டாப் அமுக்குனதும் நம்பர் விழுந்துருச்சுன்னா காரணம் ஆடியோ பக்கம். டாஸ்க் மேனேஜர்ல பிளேயர் பேரு இல்லாம விண்டோஸ் ஆடியோ டிவைஸ் கிராஃப் ஐசொலேஷன்னு ஒண்ணு சிபியு எடுத்தா சவுண்ட் செட்டிங்ஸ்ல போய் ஆடியோ என்ஹான்ஸ்மென்ட்ஸை ஆஃப் பண்ணிப் பாருங்க. எப்படியும் ஆம்ப்ளிஃபையர்ல பேஸ் ட்ரெபிள் இருக்கு, மைக் செட்டுக்கு அது தேவையே இல்ல.

ரெண்டாவது, விண்டோவை மினிமைஸ் பண்ணுங்க. உடனே இறங்குச்சுன்னா ஸ்கிரீன்ல எதையோ விடாம வரைஞ்சுக்கிட்டு இருக்கு, கலர் கலரா ஆடுற விஷுவலைசேஷன், ஓடுற பாட்டுப் பேரு, அசையுற ஸ்கின் இதுல ஒண்ணு. செகண்டுக்கு 60 தடவை வரைஞ்சா சும்மா இருக்குற மிஷின் எப்படி சும்மா இருக்கும். விஎல்சி வச்சிருக்கவங்க ஆடியோ மெனுவுலயே விஷுவலைசேஷன்ஸ்னு இருக்கு, அதுல டிசேபிள் கொடுத்துருங்க.

மூணாவது நெட்வொர்க். வைஃபையை 2 நிமிஷம் ஆஃப் பண்ணிப் பாத்தா போதும், இறங்குச்சுன்னா யுபிஎன்பி மாதிரி வீட்டு டிவியையும் மத்த மிஷினையும் தேடுற வசதி, இல்ல ஆல்பம் படம் இறக்குற ப்ளக்இன் (பிளேயர்ல கூடுதலா மாட்டுற துணைப் புரோகிராம்), ரெண்டுல ஒண்ணு. ஆஃப் பண்ணிருங்க.

எங்களுக்கு இது மூணுலயும் இறங்கல. அப்பதான் லைப்ரரி மேல சந்தேகம் வந்துச்சு. பிளேயர்லாம் நீங்க சொன்ன ஃபோல்டரை கண்காணிச்சுக்கிட்டே இருக்கும், புதுப் பாட்டு வந்துச்சான்னு. கழட்டி எடுத்துட்ட எக்ஸ்டர்னல் டிஸ்க், பேரு மாறிப்போன பென் டிரைவ், பாதி காப்பி ஆன ஃபைல், இதெல்லாம் லிஸ்ட்ல இருந்தா சில பிளேயர் அதையே திரும்பத் திரும்பப் போய்த் தட்டிக்கிட்டு இருக்கும். ஆன்ட்டிவைரஸும் ஒவ்வொரு தடவை தொறக்கும்போதும் கூடவே வந்து பாக்கும், அந்த சிபியு தனி. சிலர் பாட்டு ஃபோல்டரை ஆன்ட்டிவைரஸ்ல இருந்து விலக்கி வைக்கச் சொல்றாங்க, மைக் செட் மிஷின்ல நான் அதைச் செய்ய மாட்டேன், விசேஷ வீட்டுக்காரங்க கொண்டாந்து கொடுக்குற பென் டிரைவ்ல என்ன இருக்கும்னு யாருக்குத் தெரியும்.

இதைக் கண்டுபிடிக்க மைக்ரோசாஃப்ட்டோட சிஸ்இன்டர்னல்ஸ்ல ரெண்டு டூல் இருக்கு, ரெண்டும் இலவசம், இன்ஸ்டால் பண்ணக்கூட வேணாம். ப்ராசஸ் எக்ஸ்ப்ளோரர்ல பிளேயர் பேரை டபுள் கிளிக் பண்ணி த்ரெட்ஸ் டேப் போனீங்கன்னா எந்த த்ரெட் சிபியு எடுக்குதுன்னு வரிசையாக் காட்டும், பக்கத்துல ஸ்டார்ட் அட்ரஸ்ல டிஎல்எல் (புரோகிராம் கூப்பிட்டுப் பயன்படுத்துற துணை ஃபைல்) பேரு இருக்கும். அந்தப் பேரு ஏதாவது ப்ளக்இன்னோடதா இருந்தா அங்கயே வேலை முடிஞ்சுது, அதைக் கழட்டுங்க. பொதுவான விண்டோஸ் டிஎல்எல் பேரா இருந்தா ஏமாந்துராதீங்க, ஸ்டாக் பட்டனை அமுக்கி உள்ள வர்ற வரிகள்ல என்ன பேரு திரும்பத் திரும்ப வருதுன்னு பாருங்க.

இன்னொண்ணு ப்ராசஸ் மானிட்டர். ஃபில்டர்ல பிளேயரோட எக்ஸ்இ பேரை மட்டும் வச்சிட்டு ஒரு நிமிஷம் மட்டும் ஓட விட்டு கண்ட்ரோல் ஈ அமுக்கி நிப்பாட்டிருங்க, ரொம்ப நேரம் விட்டா லட்சக்கணக்குல வரி சேந்து மெமரியை அடைச்சுரும். அப்புறம் டூல்ஸ் மெனுவுல ஃபைல் சம்மரி, எந்த ஃபைலை எத்தனை தடவை தொட்டுச்சுன்னு கணக்கு வரும். எங்களுக்கு மேல நின்னது ஒரே ஒரு எம்பி3, மத்த ஃபைலெல்லாம் அதுக்கு ரொம்பக் கீழ.

அந்த ஃபைலைப் பாத்ததும் எனக்கு விஷயம் புரிஞ்சுருச்சு. மாமா ஒரு திருவிழாவுல பதிவு பண்ணி வச்ச பழைய நாயனக் கேசட்டை நான்தான் எம்பி3 ஆக்கி, கேசட் அட்டையை போன்ல படம் எடுத்து உள்ளயே சேத்திருந்தேன், அந்தப் படமே 8 எம்பி. பென் டிரைவ்ல காப்பி ஆகுறப்போ அவசரமா பிடுங்கினதுல 3 எம்பியோட அறுந்துபோச்சு. எம்பி3யோட மொத 10 பைட்ல இருக்குற ஐடி3 டேக் (பாட்டுப் பேரு, படம்லாம் வைக்கிற பகுதி) தலைப்புல டேக் எவ்வளவு பெருசுன்னு எழுதியிருக்கும், அது 8ங்குது, ஃபைலே 3தான் இருக்கு. ஒழுங்கா எழுதுன பிளேயர்னா ஃபைல் சரியில்லன்னு விட்டுட்டுப் போயிரும், இது மிச்சம் 5 எம்பி எங்கன்னு முடிவே இல்லாமத் தேடியிருக்கு.

இந்த டூலெல்லாம் வேணாம், லினக்ஸ் வச்சிருக்கேன்னா டாப் கமாண்ட்ல பெரிய ஹெச் அமுக்கி த்ரெட்டைப் பாக்கலாம், அங்க ஒரு லாஜிக்கல் பிராசஸர் முழுசுக்கும் 100னு காட்டும், அந்த வித்தியாசத்தை மனசுல வச்சுக்குங்க. எதுவுமே இல்லன்னாலும் பாதி பாதியா பிரிச்சே கண்டுபிடிச்சிரலாம். லைப்ரரில பாதி ஃபோல்டரை மட்டும் சேத்துப் பாருங்க, நம்பர் ஏறுனா அந்தப் பாதியில இருக்கு, இல்லன்னா அடுத்த பாதியில. 4,000 பாட்டு இருந்தாக்கூட 12 தடவைக்குள்ள ஒத்தை ஃபைல்ல வந்து நிக்கும்.

கிடைச்ச ஃபைலை உடனே டெலீட் பண்ணிராதீங்க, தனி ஃபோல்டர்ல தூக்கி வைங்க, உங்ககிட்ட இருக்குற ஒரே காப்பி அதுவா இருக்கலாம். அதைத் தூக்குனதுக்கு அப்புறம் லைப்ரரியை ஒரு தடவை புதுசா ஸ்கேன் பண்ண வைங்க, இல்லன்னா பழைய லிஸ்ட்ல அந்தப் பேரு ஒட்டிக்கிட்டு நிக்கும். எங்ககிட்ட நல்லவேளை கேசட் பீரோவுல பத்திரமா இருந்துச்சு, மாமா பழைய டெக்கைத் தூசி தட்டி எடுத்தாரு, ஹெட்டைத் தொடச்சுட்டு ஒரு மதியம் முழுக்க உக்காந்து மறுபடி ஏத்துனோம், இந்தத் தடவை அட்டைப் படத்தை 200 கேபிக்குள்ள சுருக்கித்தான் சேத்தேன். அது ஓடி முடிஞ்சதும் ஸ்டாப் பண்ணிட்டு 10 நிமிஷம் கழிச்சு சிபியு டைம் பாத்தோம், 2 செகண்ட் ஏறியிருந்துச்சு.