யூனிவர்சிட்டி மாறப் போறீங்களா? முதல்ல கிரெடிட் கணக்க பாருங்க

அமெரிக்கால பேச்சலர்ஸ் முடிக்க பெரும்பாலும் 120 செமஸ்டர் கிரெடிட் (ஒவ்வொரு பாடத்த முடிச்சதுக்கும் கிடைக்கிற புள்ளி) வேணும். நான்தான் 90 முடிச்சிட்டேனே, வேற யூனிவர்சிட்டிக்கு போய் மிச்சம் 30அ ஒரே வருஷத்துல முடிச்சிடலாம்னு கணக்கு போடுறவங்க நிறைய பேரு, ஆனா போற இடத்துல அந்த 90ஐயும் அப்படியே எடுத்துக்கணும்னு எந்தக் கட்டாயமும் இல்ல.

கம்யூனிட்டி காலேஜ்ல (ரெண்டு வருஷ காலேஜ்) இருந்து வர்றவங்களுக்கு எத்தன கிரெடிட் எடுத்துப்பாங்கன்னு பல இடத்துல உச்சவரம்பு இருக்கு. கலிஃபோர்னியால யூசி (யூனிவர்சிட்டி ஆஃப் கலிஃபோர்னியா), கால் ஸ்டேட் (கலிஃபோர்னியா ஸ்டேட் யூனிவர்சிட்டி) ரெண்டுமே 70 செமஸ்டர் யூனிட்டுக்கு (கிரெடிட்டத்தான் அங்க யூனிட்னு சொல்வாங்க) மேல கணக்குல சேக்காது. அதுக்காக மேல படிச்சது மொத்தமும் வீண்னு பயந்துடாதீங்க, யூசில யூனிட் எண்ணிக்கைதான் நிக்கும், அந்த பாடத்த முடிச்சதா ஏத்துப்பாங்க, அதனால அதையே திரும்ப படிக்க வேண்டி வராது. யூசில ஏபி எக்ஸாம் (ஸ்கூல்ல இருக்கும்போதே எழுதுற காலேஜ் லெவல் பரீட்சை) யூனிட்டும் இந்த 70 கணக்குல சேராது.

இன்னொரு பக்கம் ரெசிடென்சி ரூல். பேர பாத்து வீடு, ஹாஸ்டல்னு நெனச்சிடாதீங்க, டிகிரி குடுக்குற யூனிவர்சிட்டிலயே குறைஞ்சது இவ்ளோ கிரெடிட் படிச்சிருக்கணும்ங்கறதுதான் அது. நிறைய இடத்துல 30. சில இடத்துல அதுக்கும் மேல, அதுலயும் கடைசி 30 அங்கதான் படிக்கணும்னு சொல்றவங்களும் உண்டு.

என்ன கேட்டா இது ரெண்டையும் விட பெரிய அடி வேற. ‘60 கிரெடிட் ஏத்துக்கிட்டோம்’னு லெட்டர் வந்ததும் ஸ்வீட் குடுத்துடுவோம், ஆனா அதுல 20 வெறும் எலெக்டிவ்ல (விருப்பப் பாடம்) போய் விழுந்திருக்கும், மேஜருக்கு (டிகிரியோட முக்கியப் பாடம்) ஒண்ணும் உதவாது. அதனால எத்தன கிரெடிட் எடுத்தீங்கன்னு கேக்காதீங்க, எது எந்த ரிக்வயர்மென்ட்டுக்கு போச்சுன்னு கேளுங்க. அதோட கம்யூனிட்டி காலேஜ் கோர்ஸ் பொதுவா லோயர் டிவிஷன் (முதல் ரெண்டு வருஷ லெவல்) கணக்குலதான் வரும், அப்பர் டிவிஷன் (கடைசி ரெண்டு வருஷ லெவல்) கிரெடிட்ட புது இடத்துலதான் சேக்கணும்.

குவார்ட்டர் சிஸ்டம்ல (செமஸ்டர விட சின்ன டேர்மா பிரிச்சு நடத்துறது) படிச்சிருந்தா கிரெடிட் மூணுல ரெண்டு பங்குதான், 45 குவார்ட்டர் யூனிட் 30 செமஸ்டர் கிரெடிட் ஆயிடும். பல இடத்துல சி கிரேடுக்கு கீழ இருந்தா எடுக்க மாட்டாங்க. ஜிபிஏவும் (கிரேடுகளோட சராசரி) பெரும்பாலும் கூட வராது, புதுசா ஆரம்பிக்கும் (சில பேருக்கு அது நிம்மதி!).

பைனான்சியல் எய்ட் வாங்குறவங்க இத கவனிங்க, ஃபெடரல் ரூல் படி டிகிரிக்கு வேண்டியதுல 150 சதவீதம் வரைக்கும்தான் எய்ட், அதாவது 120 கிரெடிட் டிகிரினா 180. புது காலேஜ் ஏத்துக்கிட்ட பழைய கிரெடிட்டும் இந்த 180ல சேரும், மேஜருக்கு உதவாத எலெக்டிவ் நிறைய ஏறினா எய்ட் பாதில நின்னுடலாம்.

செய்ய வேண்டியது என்னன்னா, எடுத்த ஒவ்வொரு கோர்ஸோட சிலபஸையும் பிடிஎஃப்பா சேத்து வைங்க, கோர்ஸ் முடிஞ்சப்புறம் தேடினா பல நேரம் கிடைக்காது. கலிஃபோர்னியானா அசிஸ்ட் சைட்ல எந்த கோர்ஸ் எதுக்கு சமம்னு ஃப்ரீயா பாக்கலாம். சீட்டுக்கு டெபாசிட் கட்டுறதுக்கு முன்னாடியே, எந்த கோர்ஸ எதுக்கு ஏத்துக்கிட்டாங்கங்கற இவாலுவேஷன எழுத்துல கேளுங்க, அட்வைசர் வாயால சொன்னது பின்னாடி செல்லாது. ஏதாவது கோர்ஸ எலெக்டிவ்ல தள்ளியிருந்தா சிலபஸோட அந்த டிபார்ட்மென்ட்டுக்கே அப்பீல் போடுங்க, அட்மிஷன் ஆபீஸ் வாசல்ல நிக்கிறதுல பிரயோஜனம் இல்ல, மேஜர் கிரெடிட்ட பெரும்பாலும் முடிவு பண்றது டிபார்ட்மென்ட்தான்.