ஆயில் ஃபில்டர் ஒப்பிடும்போது நாம் சறுக்கும் இடங்கள்

ஜி.பி. ரோட்டில் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடை வாசலில் நின்று, இரண்டு ஆயில் ஃபில்டர்களை இரண்டு கைகளிலும் வைத்து எடை பார்த்திருக்கிறேன், தேங்காய் வாங்குகிற மாதிரி. கனமாக இருந்ததையே வாங்கினேன். தகரம் தடிமன், பெயின்ட் பளபளப்பு, விலையும் கொஞ்சம் கூட. நல்ல சாமான்தான் என்ற திருப்தியோடு வேளச்சேரி வந்து சேர்ந்தேன். மாட்டி இரண்டு வாரம் ஆகியிருக்கும். காலையில் முதல் ஸ்டார்ட்டில் இன்ஜின் மூன்று நொடி கடகடவென்று சத்தம் போட்டுவிட்டு அடங்கியது. மத்தியானம் எடுத்தால் சத்தமே இல்லை. மறுநாள் காலை மறுபடியும் அதே கதை.

பட்டறையில் ஒரு ராத்திரி வண்டியை விட்டுவிட்டு வரச் சொன்னார் மெக்கானிக் அண்ணன். காலையில் ஸ்டார்ட் பண்ணாமலே ஃபில்டரைக் கழற்றினார். என் வண்டியில் ஃபில்டர் படுக்கைவாட்டில் இருக்கும். கழற்றினால் உள்ளே கணிசமாக ஆயில் நின்றிருக்க வேண்டும். டிரேயில் கவிழ்த்தபோது ஒரு ஸ்பூன் அளவுதான் வடிந்தது. "நைட்டெல்லாம் ஆயில் கீழ இறங்கிடுது சார், பம்ப் மறுபடி மேல ஏத்துற வரைக்கும்தான் இந்தச் சத்தம்" என்றார். ஃபில்டர் வாயைச் சுற்றியிருக்கும் சின்னத் துளைகள் வழியாக ஸ்க்ரூடிரைவர் நுனியை விட்டு உள்ளே இருந்த ரப்பரை அழுத்திக் காட்டினார். செருப்பு அடி மாதிரி விறைத்துக் கிடந்தது. துளைகளோடு ஒட்டி உட்காரவே இல்லை.

அந்த ரப்பர்தான் ஆன்டி டிரெய்ன் பேக் வால்வு. இன்ஜினை நிறுத்தியதும் ஆயில் திரும்பி ஓடாமல் தடுத்து நிறுத்துவது அதன் வேலை. சாதாரண நைட்ரைல் ரப்பர் சூட்டில் நாளடைவில் இறுகிவிடும். சிலிகோன் ரப்பர் சூட்டை இன்னும் நன்றாகத் தாங்கும். பெரும்பாலும் நைட்ரைல் கறுப்பாகவும், சிலிகோன் ஆரஞ்சு அல்லது சிவப்பாகவும் இருக்கும். ஆனால் நிறத்தை மட்டும் நம்பிவிடாதீர்கள், சாயம் யார் வேண்டுமானாலும் சேர்க்கலாம். துளை வழியாக மெதுவாக அழுத்தினால் மெத்தென்று உள்ளே போய்த் திரும்பி வர வேண்டும். ஃபில்டர் படுக்கையாகவோ தலைகீழாகவோ மாட்டியிருக்கும் வண்டிக்கு இந்த வால்வு உயிர்நாடி. வாய் மேலே பார்த்தபடி நேராகத் தொங்கும் வண்டிக்கு அவ்வளவு கவலை இல்லை. ஆகவே இரண்டு ஃபில்டர்களை ஒப்பிடுவதற்கு முன்னால் பானெட்டைத் திறந்து நம் வண்டியில் அது எந்த வாட்டத்தில் இருக்கிறது என்று பார்ப்பதே முதல் வேலை. நான் எடை பார்த்ததெல்லாம் வீண்.

அடுத்த தவறு, அறுத்துப் பார்த்துத் தீர்ப்பு சொல்வது. யூடியூபில் பார்த்துவிட்டு நானும் மொட்டை மாடியில் ஹாக்ஸா பிளேடோடு உட்கார்ந்திருக்கிறேன். மடிப்புகளை எண்ணி, இதில் 50, அதில் 60, ஆகவே அதுதான் உசத்தி என்று முடிவு கட்டுவோம். மடிப்பின் எண்ணிக்கை மட்டும் எதையும் சொல்லாது. மடிப்பின் ஆழம், நீளம், என்ன பேப்பர், எல்லாம் சேர்ந்ததுதான் கணக்கு. நெருக்கி மடித்தால் மடிப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பாதிப் பரப்பு வேலையே செய்யாமல் போகவும் கூடும். செல்லுலோஸ் பேப்பரைவிட கண்ணாடி இழை கலந்த செயற்கை வடிகட்டும் தாள், குறைந்த மடிப்பிலேயே அதிக அழுக்கைப் பிடித்து வைக்கும்.

அறுப்பதில் இன்னொரு வேடிக்கை உண்டு. உள்ளே மின்னும் துகளைக் கண்டதும் 'ஐயோ, இன்ஜின் தேய்ந்துபோச்சு' என்று பதறுவார்கள். பாதி நேரம் அது ஹாக்ஸா பிளேடு உதிர்த்த தகரத் தூள். தேய்மானம் தெரிய வேண்டுமென்றால் தூள் உதிராமல் திறக்கும் ஃபில்டர் கட்டர்தான் வேண்டும். சரி, திறந்தாகிவிட்டது, பைபாஸ் வால்வைக் காணோம் (ஃபில்டர் அடைத்துக்கொண்டாலோ ஆயில் கூழானாலோ, வடிகட்டாமலே ஆயிலை இன்ஜினுக்கு விடும் வால்வு அது), அப்போ டூப்ளிகேட்தான் என்பார்கள். அதுவும் அவசரம். சில இன்ஜின்களில் அந்த வால்வு இன்ஜின் பிளாக்கிலேயே இருக்கும், அதனால் ஃபில்டருக்குள் வைக்க மாட்டார்கள். மூடியைத் திறந்து உள்ளே பேப்பர் எலிமென்டை மட்டும் மாற்றுகிற வண்டிகளிலும் அப்படித்தான், வால்வு மூடியிலோ ஹவுசிங்கிலோ இருக்கலாம்.

மைக்ரான் எண்ணை வைத்து ஏமாறுவதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு, தலைமுடி ஏறத்தாழ 70 மைக்ரான் தடிமன். ஒரு பெட்டியில் '10 மைக்ரான்', இன்னொன்றில் '20 மைக்ரான்' என்று இருந்தால் நாம் 10-ஐ எடுப்போம். ஆனால் எத்தனை சதவீதம் என்று சொல்லாத மைக்ரான் எண்ணுக்கு அர்த்தமே இல்லை. 10 மைக்ரான் துகளில் பாதியைப் பிடித்தாலும் '10 மைக்ரான் ஃபில்டர்' என்று அச்சடிக்கலாம். 20 மைக்ரான் துகளில் நூற்றுக்கு 99-ஐப் பிடிக்கிற ஃபில்டர் அதைவிட மட்டம் என்று அந்த எண்ணை வைத்து எப்படிச் சொல்வது? சில கம்பெனிகள் பீட்டா என்று ஒரு எண் தருவார்கள். பீட்டா 2 என்றால் சொன்ன அளவுத் துகளில் பாதியைப் பிடிக்கும், 20 என்றால் 95 சதவீதம், 75 என்றால் 98.7 சதவீதம். இதை அளக்கும் பரிசோதனை முறைக்கு ஐஎஸ்ஓ 4548-12 என்று பெயர். அந்த எண் பெட்டியிலோ கம்பெனியின் விவரத்தாளிலோ இருந்தால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். இல்லையென்றால் ஒப்பிட்டுப் பயனில்லை, வண்டிக் கம்பெனி சொன்ன பார்ட் நம்பரையே வாங்கிக்கொள்வது மேல்.

வெளிநாட்டு வீடியோக்களை அப்படியே எடுத்துக்கொள்வதும் ஒரு சறுக்கல்தான். அங்கே பூஜ்யத்துக்கும் கீழே போகும் குளிரில் ஆயில் கூழாகி, ஸ்டார்ட் செய்ததும் பைபாஸ் திறந்துகொள்ளும். அவர்கள் அதைப் பற்றித்தான் மணிக்கணக்கில் பேசுவார்கள். மார்கழியிலும் 20 டிகிரியை ஒட்டியே நிற்கிற சென்னைக்கு அது பெரிய விஷயமில்லை. இங்கே பைபாஸ் திறந்தால், மாற்றாமல் விட்ட ஃபில்டர் அடைத்துக்கொண்டது என்றுதான் நான் முதலில் சந்தேகப்படுவேன்.

நம் ஊர்ப் பிரச்சினை டிராஃபிக். மெட்ரோ வேலை நடக்கும் ஓ.எம்.ஆரில் சராசரி 15 கிலோமீட்டர் வேகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 10,000 கிலோமீட்டர் ஓட இன்ஜின் 667 மணி நேரம் உழைக்கிறது. அதே தூரத்தை ஹைவேயில் 60-ல் ஓட்டுகிறவருக்கு 167 மணி நேரம்தான். 'என் திருச்சி மச்சான் ஃபில்டர் மாத்தாம 10,000 ஓட்டுறான், ஒண்ணும் ஆகல' என்று ஓடோமீட்டரை மட்டும் ஒப்பிடுவது இதனால்தான் எடுபடாது. பல வண்டிகளின் கையேட்டில் கடினமான சூழலுக்கு என்று தனி சர்வீஸ் அட்டவணை இருக்கும். தூசி, நின்று நின்று போவது, குறுகிய தூர ஓட்டம் எல்லாம் அதில் வரும். அலுவலகம் போய்வரும் சென்னைக்காரர் பலருக்கும் அதுதான் சரியான பக்கம்.

'மரை ஒண்ணுதான் சார், உக்காந்துடும்' என்று கடையில் சொன்னால் கொஞ்சம் நிதானியுங்கள். ஹோண்டா கார்களில் பரவலாக இருக்கும் மரை 20 மில்லிமீட்டர், புரி இடைவெளி 1.5 மில்லிமீட்டர். டொயோட்டாவின் பல இன்ஜின்களில் முக்கால் இஞ்ச், அதாவது 19.05 மில்லிமீட்டர். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். 20 மில்லிமீட்டர் மரை ஃபில்டரை முக்கால் இஞ்ச் ஸ்டட்டில், அதாவது ஃபில்டர் ஏறும் இன்ஜின் பக்கத்து மரைக் குழாயில், போட்டால் லொடலொடவென்று ஏறி, பிடித்துக்கொண்டது போலவும் இருக்கும். ஆயில் அழுத்தம் ஏறும்போது பிடுங்கிக்கொண்டு வந்தால் நடு ரோட்டில் இன்ஜின் காலி. மரை சரியாக இருந்தாலும் வாஷரின் விட்டமும் பைபாஸ் திறக்கும் அழுத்தமும் பொருந்த வேண்டும்.

ஒழுகினால் உடனே ஃபில்டரைத் திட்டுவதற்கு முன் ஒன்று பாருங்கள். பழைய ஃபில்டரின் ரப்பர் வாஷர் இன்ஜினிலேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். அதன் மேலேயே புதியதை ஏற்றினால் இரண்டு வாஷர் ஆகிவிடும், எந்த பிராண்டாக இருந்தாலும் பீய்ச்சும். புது வாஷரில் ஆயில் தடவி, அது இன்ஜினைத் தொட்ட பிறகு கையால் இன்னொரு முக்கால் சுற்று, பெரும்பாலான வண்டிகளுக்கு அவ்வளவு போதும். ஸ்பேனர் போட்டு இறுக்கிவிட்டால் அடுத்த சர்வீஸில் கழற்றுகிறவர் உங்களை வாழ்த்த மாட்டார்.

பைக் ஓட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. எல்லா வண்டியிலும் பேப்பர் ஃபில்டர் இருக்காது. ஸ்பிளெண்டரில் சுழற்சியில் அழுக்கைப் பிரிக்கும் அமைப்பும் ஒரு சல்லடையும்தான், அதற்குக் கடையில் ஃபில்டர் தேடுவது வீண் அலைச்சல். பேப்பர் எலிமென்ட் உள்ள சில பைக்குகளில் ஒரு பக்கத்தில் 'அவுட் சைடு' என்று அச்சிட்டிருக்கும். அந்தப் பக்கம் வெளியே பார்க்க வேண்டும். திருப்பிப் போட்டால் ஆயில் போகும் வழியே அடைபடும்.

டிசம்பர் 2015-லும் மிக்ஜாம் புயலின்போது 2023-லும் தண்ணீரில் நின்ற வண்டிகளைப் பார்த்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். இன்ஜினுக்குள் தண்ணீர் போயிருந்தால் டிப் ஸ்டிக்கில் ஆயில் பால் காபி நிறத்தில் வரும். ஸ்டார்ட் போடவே கூடாது. ஆயிலை மாற்றிவிட்டு, 'ஃபில்டர் போட்டு ஆயிரம் கிலோமீட்டர்தானே ஆச்சு' என்று பழையதையே விட்டால், பேப்பரில் ஊறிய தண்ணீரும் சேறும் புது ஆயிலில் கலக்கும். அந்த ஆயிலும் கொஞ்ச தூரம் ஓட்டியதும் மறுபடி ஃபில்டரோடு மாற்ற வேண்டியிருக்கும்.

என் வண்டிக்கு அதன்பின் கம்பெனி டீலர் கவுன்டரிலிருந்து பில்லோடு வாங்கிய ஃபில்டர்தான். அடுத்த காலையே கடகட நின்றது. கழற்றிய பழைய ஃபில்டரின் பெட்டியைத் தூக்கிப் போடப் போனபோது அண்ணன் வாங்கி நாலாகக் கிழித்தார். "முழுசா போட்டா இதுக்குள்ள இன்னொரு டூப்ளிகேட் வந்து உக்காந்துக்கும் சார்" என்றார்.