நெல்லுக்கு ஜகாத்: தண்ணீர்க் கணக்கும் மூட்டைக் கணக்கும்

தங்கத்துக்கும் ரொக்கத்துக்கும் ரமலானில் கணக்குப் பார்த்து இரண்டரை சதவீதம் கொடுத்துவிடுகிறவர்கள்கூட, களத்தில் கிடக்கும் நெல்லுக்கு ஜகாத் (வசதியுள்ள முஸ்லிம் ஏழைகளுக்குக் கட்டாயமாகக் கொடுக்க வேண்டிய பங்கு) உண்டு என்பதை மறந்துவிடுகிறார்கள். நினைவில் வைத்திருப்பவர்களில் பலர் நெல் விற்ற பணத்தில் அதே இரண்டரையைக் கொடுத்துவிட்டுக் கணக்கு முடிந்தது என்று இருந்துவிடுகிறார்கள். விளைச்சலுக்குரிய கணக்கு வேறு. இங்கே வருடம் நிறைவதற்காகக் காத்திருப்பது கிடையாது. சதவீதம் பத்து அல்லது ஐந்து. எது என்பதை முடிவு செய்வது தண்ணீர்.

அறுவடை நாளிலேயே அதற்குரிய கடமையைக் கொடுத்துவிடுங்கள் என்கிறது குர்ஆன் (6:141). வானமும் ஊற்றும் பாய்ச்சியதில் பத்தில் ஒன்று, இறைத்துப் பாய்ச்சியதில் இருபதில் ஒன்று என்பது இப்னு உமர் (ரலி) வழியாக வரும் நபிமொழி. இந்தப் பங்குக்கு உஷ்ரு என்று பெயர். அரபியில் பத்தில் ஒன்று என்றே பொருள். நபி (ஸல்) அவர்கள் தம் தோழர் முஆத் (ரலி) அவர்களை யமனுக்கு அனுப்பியபோது, அங்குள்ள வசதியானவர்களிடம் வாங்கி அங்குள்ள ஏழைகளுக்கே கொடுக்கச் சொன்னார்கள். 632-இல் நபியவர்கள் மறைந்ததும் சில கோத்திரங்கள் தொழுவோம், ஜகாத் தரமாட்டோம் என்றன. முதல் கலீஃபா அபூபக்கர் (ரலி) விட்டுக்கொடுக்கவில்லை. தொழுகையையும் ஜகாத்தையும் பிரிக்க முடியாது என்பது அப்போதே உறுதியாகிவிட்ட ஒன்று.

அந்தக் காலத்து மதீனாவில் பேச்செல்லாம் கோதுமை, வாற்கோதுமை, பேரீச்சை, உலர்திராட்சை பற்றித்தான். இஸ்லாம் பரவிய நாடுகளில் நெல் விளைந்தபோது, சேமித்து வைத்து உண்ணும் தானியம் என்ற அடிப்படையில் நெல்லும் அதே சட்டத்துக்குள் வந்தது. ஷாஃபி மத்ஹபு (இஸ்லாமியச் சட்டப் பிரிவு) நூல்களில் உமியோடு சேமிக்கும் தானியத்துக்கென்று தனி அளவே உண்டு. நம் ஊர் நெல்லுக்கு நேராகப் பொருந்துவது அதுதான்.

முதல் வேலை, உங்கள் மஹல்லா (பள்ளிவாசலைச் சேர்ந்த ஊர்ப்பகுதி) எந்த மத்ஹபு என்று தெரிந்துகொள்வது. நாகூர், காரைக்கால், அதிராம்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் ஷாஃபி அதிகம். உள்நாட்டு ராவுத்தர் ஊர்களில் ஹனஃபி அதிகம். கணக்கு இரண்டிலும் ஒன்றல்ல. பாதிக்கு இதையும் பாதிக்கு அதையும் எடுத்து, எது குறைவாக வருகிறதோ அதைக் கொடுப்பது கூடாது.

இமாம் அபூ ஹனீஃபா (ஹிஜ்ரி 150-இல் மறைந்தவர்) கருத்தில் விளைச்சலுக்குக் குறைந்தபட்ச அளவே கிடையாது. ஒரு மா (ஏக்கரில் மூன்றில் ஒன்று) சாகுபடி செய்து ஆறு மூட்டை கண்டாலும் உஷ்ரு உண்டு. ஷாஃபியில் நிஸாபு (கடமையாகும் குறைந்தபட்ச அளவு) ஐந்து வஸக். ஒரு வஸக் 60 ஸாஉ. ஆக 300 ஸாஉ. உமியோடு இருக்கும் நெல்லுக்கு இது இரட்டிப்பாகி 600 ஸாஉ. ஸாஉ என்பது எடையல்ல, முகத்தல் அளவை. பலரும் எடையில் ஒட்டிக்கொண்டு தடுமாறுவது இங்கேதான். ஒரு ஸாஉ சுமார் 2.75 லிட்டர் என்று வைத்தால் 600 ஸாஉ 1,650 லிட்டர் நெல். காய்ந்து தூற்றிய நெல் லிட்டருக்கு 550 முதல் 600 கிராம் நிற்கும் என்பதால் கிட்டத்தட்ட 950 கிலோ. கொள்முதல் நிலையத்து 40 கிலோ சாக்கில் 24 மூட்டை. ஸாஉவை மூன்று லிட்டருக்கு மேல் வைத்துக் கணக்கிடும் ஆலிம்களும் (மார்க்க அறிஞர்கள்) உண்டு. உங்கள் ஊரில் ஃபித்ரா (நோன்புப் பெருநாள் தர்மம்) எந்த அளவையில் அளக்கிறார்களோ அதையே இதற்கும் வையுங்கள். விளைச்சல் எல்லைக்கோட்டை ஒட்டி நின்றால் கொடுத்துவிடுவதே நிம்மதி.

653 கிலோ என்று ஒரு எண் எங்கும் சுற்றுகிறது. அது உமி நீங்கிய தானியத்துக்கு உரியது. நெல்லை அப்படியே எடைபோட்டு 653-ஐத் தாண்டிவிட்டது என்று சொல்வது ஷாஃபி கணக்கில் சரியல்ல.

ஷாஃபியில் ஒரு வருடத்துக்குள் (சந்திர வருடம், 354 நாள்) அறுவடையாகும் நெல் எல்லாம் ஒன்றாகச் சேரும். ஐப்பசியில் அறுத்த குறுவையும் மாசியில் அறுத்த தாளடியும் தனித்தனியே 950 கிலோவைத் தொடாவிட்டாலும், சேர்த்துத் தொட்டால் கடமை. ரகம் வேறாக இருந்தாலும் சேரும்: ஏடிடி 43-ம் சி.ஆர். 1009-ம் நெல்தான். உளுந்தும் பயறும் நெல்லோடு சேராது, ஒன்றோடொன்றும் சேராது.

இனி தண்ணீர். காவிரி டெல்டாவில் பெரும்பாலான தவறு இங்கேதான் நடக்கிறது. மேட்டூர் திறந்து, கல்லணை வழியாக வந்து, ஆற்றிலிருந்து வாய்க்காலுக்கு இறங்கி, மதகு வழியே வயலில் தானாகப் பாயும் தண்ணீர் மழைத்தண்ணீர் மாதிரிதான். வாய்க்கால் வெட்டச் செலவு ஆயிற்றே, தூர்வாரப் பணம் போட்டோமே என்று சொல்லி ஐந்து சதவீதத்துக்கு இறங்க முடியாது. வெட்டிய கால்வாயும் மழையும் ஒன்றே என்பதுதான் ஷாஃபியில் சரியான கருத்தாக வைக்கப்பட்டிருப்பது. எனவே 10 சதவீதம். வாய்க்கால் தண்ணீர் மேட்டு வயலுக்கு ஏறாமல் ஆயில் இன்ஜின் வைத்து இறைத்தால் 5. போர் போட்டு மோட்டாரில் இறைத்தால் 5. பக்கத்து மோட்டார்க்காரரிடம் மணிக்கணக்கில் காசு கொடுத்துத் தண்ணீர் வாங்கினாலும் 5. விவசாய மின்சாரம் இலவசம்தானே, அப்புறம் ஏன் பாதி என்று கேட்பவர்கள் உண்டு. போர் இறக்கியவருக்கும், எரிந்துபோன மோட்டாரைக் காயில் கட்டியவருக்கும் பதில் தெரியும்: இறைப்பின் சுமை மின்கட்டணம் மட்டுமல்ல.

தொந்தரவு கலப்பில் வருகிறது. குறுவைக்கு ஜூன் 12-இல் தண்ணீர் திறந்தாலும் கடைமடைக்கு வர நாளாகும். திறப்பு தள்ளிப்போனால் நாற்றங்கால் முழுக்க மோட்டார்தான். இரண்டும் சரிபாதி என்றால் ஷாஃபியில் ஏழரை சதவீதம். எது எவ்வளவு என்றே தெரியாவிட்டாலும் ஏழரை. ஏற்றத்தாழ்வு இருந்தால் ஷாஃபியில் பயிர் வளர்ந்த காலத்தை வைத்துப் பங்கிட வேண்டும். எத்தனை முறை பாய்ச்சினோம் என்று எண்ணுவதல்ல. ஹனஃபியில் எது அதிகமோ அதுவே முழுப் பயிருக்கும் தீர்ப்பு.

ஆறு மா, அதாவது இரண்டு ஏக்கர் வைத்திருக்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். குறுவைக்கு ஏடிடி 43, 110 நாள் பயிர். முதல் 45 நாள் மோட்டார், மீதி 65 நாள் வாய்க்கால். காய்ந்த நெல் 3,600 கிலோ. ஷாஃபி கணக்கு: 110-இல் 65 பங்குக்குப் பத்து சதவீதம், 45 பங்குக்கு ஐந்து சதவீதம், கூட்டினால் 7.95. நெல்லாக 286 கிலோ. ஹனஃபி கணக்கில் வாய்க்காலே அதிகம் என்பதால் பத்து சதவீதம், 360 கிலோ. அடுத்து தாளடி 4,000 கிலோ, வாய்க்காலும் வடகிழக்குப் பருவமழையும் மட்டும்: இரு மத்ஹபிலும் 400 கிலோ. வருடத்துக்கு ஷாஃபிக்காரர் 686 கிலோ, அதாவது 40 கிலோ சாக்கில் 17 மூட்டையும் 6 கிலோவும்; ஹனஃபிக்காரர் 760 கிலோ, சரியாக 19 மூட்டை. மோட்டாரை நிறுத்திய தேதியைக் குறித்து வைக்காதவருக்கு இந்தக் கணக்கு வராது. வீட்டுக் காலண்டரில் ஒரு கோடு போட்டாலே போதும்.

எதை எடைபோடுவது? காய்ந்து, தூற்றி, பதரும் கருக்காயும் நீங்கிய நெல்லை. அறுவடை மெஷினிலிருந்து நேராகக் கொட்டும் நெல்லில் ஈரம் 20-க்கு மேல் இருப்பது சகஜம். 22 சதவீத ஈரத்தில் 1,000 கிலோ இருப்பது 14-க்குக் காய்ந்தால் 907 கிலோதான். ஈர நெல்லில் பங்கு பிரித்துக் கொடுத்தால் வாங்கியவர் வீட்டில் அது புழுங்கி முளைவிடும். ஷாஃபியில் அந்தக் கொடுப்பு செல்லாது, உலர்த்திச் சுத்தம் செய்தே கொடுக்க வேண்டும். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் பார்க்கும்போது அந்த எண்ணைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். 17-க்குள் வந்த நெல் கணக்குக்குப் போதுமானது.

உழவுக்கூலி, உரம், நடவு, அறுவடை மெஷின் வாடகை, ஏற்றுக்கூலி எதையும் கழிக்காமல் மொத்த விளைச்சலில்தான் சதவீதம். செலவு கூடியதற்கான சலுகை பத்து ஐந்தாகக் குறைந்ததிலேயே அடங்கிவிட்டது என்பது இதன் நியாயம். கூட்டுறவுக் கடன் இருந்தாலும் ஷாஃபி, ஹனஃபி இரண்டிலும் உஷ்ரு நீங்காது. சாகுபடிக்கென்றே வாங்கிய கடனைக் கழிக்கலாம் என்று சொல்லும் இக்கால அறிஞர்கள் உண்டு. உண்மையிலேயே முடியாத நிலை என்றால் உங்கள் ஆலிமிடம் கணக்கோடு போய்க் கேளுங்கள், நீங்களாக முடிவு செய்யாதீர்கள். விதைக்கு எடுத்து வைத்த நெல், வீட்டுச் சாப்பாட்டுக்கு ஒதுக்கியது, கூலியாக அளந்து கொடுத்தது எல்லாம் கணக்கில் உண்டு. வைக்கோலுக்கு இல்லை. நிலவரி கட்டிய ரசீது ஜகாத்துக்கு ஈடாகாது.

குத்தகை நிலத்தில் கொடுப்பது யார்? ஷாஃபியில் பயிர் யாருடையதோ அவர், அதாவது குத்தகைதாரர். நிலம் கோயிலுடையதானாலும் மடத்துடையதானாலும் அதேதான். அபூ ஹனீஃபா நிலத்துக்காரர் மீது சுமத்துகிறார். அவருடைய மாணவர்கள் அபூ யூசுஃபும் முஹம்மதும் குத்தகைதாரர் மீது. ஹனஃபி ஊரில் இருதரப்பும் மற்றவர் கொடுப்பார் என்று விட்டுவிடாமல் குத்தகை பேசும்போதே பேசி வைப்பது நல்லது. வாரமாக (விளைச்சலைப் பங்கிடும் ஏற்பாடாக) இருந்தால் அவரவர் பங்குக்கு அவரவர்.

கதிர் முற்றிப் பால் இறுகியதுமே கடமை தொடங்கிவிடுகிறது. முற்றுமுன் வெள்ளம் கொண்டுபோனால் ஒன்றும் இல்லை. பாதி மூழ்கிப் பாதி தேறினால் தேறியதை வைத்துக் கணக்கு. பயிர்க் காப்பீட்டுப் பணம் விளைச்சல் அல்ல. அது கையிருப்பு ரொக்கத்தோடு சேரும்.

ஜகாத்துக்குரிய மூட்டைகளைத் தனியே அடுக்கிய பிறகுதான் லாரி ஏற்ற வேண்டும். எல்லாவற்றையும் விற்றுவிட்டுப் பிறகு கொடுக்கலாம் என்றால், ஷாஃபியில் ஏழைக்குரிய பங்கை விற்றதாகிறது. அந்தப் பங்கில் விற்பனையே கேள்விக்குள்ளாகும். ஹனஃபியில் விலையாகக் கொடுக்கலாம். கொள்முதல் நிலையத்துப் பணம் வங்கிக் கணக்கில் ஏறியதும் முதல் வேலையாக அதைப் பிரித்துவிடுங்கள்.

பெறுபவர்கள் எட்டு வகையினர் (9:60): ஃபகீர், மிஸ்கீன் (இருவகை ஏழைகள்), கடனாளி, வழிப்போக்கர் உட்பட. பெற்றோர், பிள்ளைகள், மனைவிக்குக் கொடுத்தால் செல்லாது. நெல் ஏழையின் கைக்குப் போய் அவருக்கே சொந்தமாக வேண்டும். இதனால்தான் நோன்புக் கஞ்சிக்கு மூட்டை அனுப்பி ஜகாத்தாக எழுத முடியாது. கஞ்சியை வசதியானவரும் தூக்குச் சட்டியில் வாங்கிப் போகிறார், யாருக்கும் அது தனிச் சொத்தாவதில்லை. பள்ளிவாசல் கட்டடம், தர்கா உண்டியல், கந்தூரிச் சோறு எல்லாம் அப்படியே. கொடுங்கள், ஆனால் ஸதகாவாக (விரும்பிக் கொடுக்கும் தர்மமாக). நடவு நட்டவர்களுக்கும் களையெடுத்தவர்களுக்கும் கொடுக்கும் கூலி நெல் அவர்களுடைய உரிமை. அதை ஜகாத்தில் சேர்ப்பது மோசடிக்குச் சமம். முஸ்லிம் அல்லாத ஏழைக்கு ஸதகா தாராளமாகக் கொடுக்கலாம். ஜகாத்திலிருந்து கொடுப்பதைப் பெரும்பான்மை அறிஞர்கள் அனுமதிப்பதில்லை. சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ இருந்துகொண்டு ஊரில் நிலம் வைத்திருப்பவர்கள், பயிர் விளைந்த ஊரிலேயே பங்கைக் கொடுக்க வேண்டும் என்பது ஷாஃபியின் நிலை. முஆத் (ரலி) அவர்களுக்குச் சொன்னதும் அதைத்தானே.

உஷ்ரு கொடுத்த நெல்லைப் பத்தாயத்தில் எத்தனை வருடம் வைத்துச் சாப்பிட்டாலும் மறுபடி கிடையாது. விற்ற பணம் ஒரு வருடம் தங்கி நிஸாபை எட்டினால்தான் அந்த இரண்டரை சதவீதம் வருகிறது.

தென்னை, வாழை, கரும்புக்கு ஷாஃபியில் உஷ்ரு இல்லை. அபூ ஹனீஃபா கருத்தில் விறகு, புல், மூங்கில் போன்றவை தவிர நிலத்தில் விளைவித்த எல்லாவற்றுக்கும் உண்டு, வீட்டுக் கொல்லையில் நிற்கும் தென்னைக்கு மட்டும் இல்லை.

உளுந்தை விட்டுவிடாதீர்கள். சம்பா அறுவடைக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பு மெழுகுபதத்தில் தெளித்து, பனியிலும் நிலத்து ஈரத்திலுமே விளையும் உளுந்துக்கு ஒரு சொட்டு நீரும் இறைப்பதில்லை. எனவே முழுப் பத்து சதவீதம். ஷாஃபியில் நிஸாபு 300 ஸாஉ, ஏறக்குறைய 650 கிலோ. ஒன்றிரண்டு ஏக்கர்காரர் பெரும்பாலும் எட்டமாட்டார். ஹனஃபிக்காரர் 200 கிலோ கண்டாலும் 20 கிலோவைத் தனியே கட்டி வைக்க வேண்டியதுதான்.