குடும்பப் பதிவேடும் பிறந்தநாள் ஸ்தோத்திரமும்: வீட்டில் கைக்கொள்ளும் முறை

என் பாட்டியின் வேதாகமத்தில் பழைய ஏற்பாடு முடிந்து புதிய ஏற்பாடு தொடங்கும் இடத்தில் ஒரு வெற்றுத்தாள் இருந்தது. அதில் ஒன்பது வரிகள் எழுதப்பட்டிருந்தன. முதல் வரி, கொல்லம் ஆண்டுக் கணக்கில், "1112 ஆவணி 20, விடியற்காலம், பெண்பிள்ளை." அந்தப் பெண்பிள்ளை என் தாயார். பள்ளியில் சேர்க்கப் போனபோது வயது பொருந்தவேண்டும் என்பதற்காக அவருக்கு மே மாதத்தில் ஒரு தேதியை எழுதிவிட்டார்கள்; ஓய்வூதியம் வரை எல்லாக் காகிதங்களிலும் அந்த மே மாதத் தேதியே தொடர்ந்தது. அவர் பிறந்த நாளை அறிந்திருந்தது அந்த வேதாகமத் தாள் ஒன்றுதான். ஆண்டுதோறும் அந்த நாளில் பாட்டி அதைத் திறந்து வைத்துத்தான் ஜெபித்தார். ஒரு குடும்பம் தன் நாட்களை எழுதி வைத்து, எழுதியதைத் திறந்து வைத்து நன்றி சொல்வதற்கான முறையை, எங்கள் வீட்டில் கைக்கொண்டபடியே இங்கே விளக்குகிறேன்.

முதலில் பழையவற்றைச் சேகரியுங்கள். முன்னோரின் வேதாகமங்கள், ஞானஸ்நானச் சான்றிதழ்கள், திருமண அழைப்பிதழ்கள், கல்லறைக் கல்லில் உள்ள தேதிகள் ஆகியவற்றைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர் பக்கத்தில் இருந்ததால், அதற்கு முந்திய பதிவுகள் பலவும் அங்கே வழங்கிய கொல்லம் ஆண்டில் இருக்கும். கொல்லம் ஆண்டு ஆவணியில் பிறக்கிறது. ஆகவே ஆவணி முதல் கார்த்திகை வரையுள்ள தேதியானால் 824ஐக் கூட்டவேண்டும்; தை முதல் ஆடி வரையானால் 825ஐக் கூட்டவேண்டும். 1112 ஆவணி என்பது 1936. அதே 1112இன் தை மாதம் 1937. மார்கழியின் நடுவில் ஆங்கில ஆண்டு மாறுவதால் அந்த ஒரு மாதத்தை மட்டும் கவனமாகப் பார்க்கவேண்டும். மாற்றி எழுதும்போது பழைய தேதியையும் அடைப்புக்குறிக்குள் அப்படியே விடுங்கள், ஏனென்றால் நீங்கள் கணக்கில் பிழை செய்திருந்தால் உங்களுக்குப் பின் வருகிறவர் திருத்திக்கொள்ள அதுவே ஆதாரம்.

தேதி கிடைக்காதபோது ஆலயத்தை நாடுங்கள். ஞானஸ்நானப் பதிவேடும் திருமணப் பதிவேடும் சேகரத்தில், அதாவது ஒரு போதகரின் பொறுப்பிலுள்ள சபை வட்டத்தில், பாதுகாக்கப்படும். 1872ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டத்தின்கீழ் நடந்த திருமணங்களுக்கு எழுத்துப் பதிவு கட்டாயம். போதகரிடம் தோராயமான ஆண்டையும் பெற்றோரின் பெயர்களையும் முன்கூட்டியே எழுதிக் கொடுத்தால் தேடுவது எளிதாகும்.

எழுதுவதற்கு வேதாகமத்தின் வெற்றுத்தாள் போதுமானால் அதுவே நல்லது. தாள் மெல்லியதாக இருந்து மை மறுபக்கம் ஊறினால், கெட்டி அட்டை போட்ட ஒரு நீள நோட்டை வாங்கி வேதாகமத்தின் பக்கத்திலேயே வையுங்கள். நீர் பட்டால் கரைகிற மையைத் தவிர்த்து, பால்பாயிண்ட் பேனாவால் எழுதுங்கள். ராமபாணப் பூச்சி அண்டாமல் இருக்க நோட்டு வைக்கும் அலமாரியில் ஒரு துண்டு வசம்பு வைப்பது எங்கள் வீட்டு வழக்கம்.

ஒவ்வொருவருக்கும் ஒரு முழுப் பக்கம் விடுங்கள். ஞானஸ்நானப் பெயர், வீட்டில் கூப்பிடும் பெயர், பிறந்த தேதி, நேரம், இடம், எடை, அருகில் இருந்தவர்கள் ஆகியவை முதலில் வரட்டும். அதன்பின் ஞானஸ்நானம் பெற்ற நாள், ஆலயம், கொடுத்த போதகர், ஞானப்பெற்றோர். குழந்தை ஞானஸ்நானம் கொடுக்காத சபையினராக இருந்தால் பிள்ளையைக் கர்த்தருக்கு ஒப்புக்கொடுத்துப் பிரதிஷ்டை செய்த நாளையும், பிள்ளை வளர்ந்து ஞானஸ்நானம் பெற்ற நாளையும் தனித்தனியே எழுதலாம். திடப்படுத்தல் (வளர்ந்தபின் தன் விசுவாசத்தைத் தானே அறிக்கையிடுவது), முதல் திருவிருந்து, ஆலயத்தில் ஓலை (திருமண அறிவிப்பு) வாசிக்கப்பட்ட மூன்று ஞாயிறுகள், திருமணம், வீட்டுப் பிரதிஷ்டை என்று பிறகு வருகிறவற்றுக்கு ஒவ்வொரு வரி போதும்.

தேதியோடு நின்றுவிடாமல் அன்று நடந்ததில் ஒரு காரியத்தையாவது எழுதுங்கள் என்பதே என் வற்புறுத்தலான வேண்டுகோள். என் தம்பியின் பக்கத்தில் தாயார் எழுதியது இது: "மழை விடவில்லை. மாட்டுவண்டி சாஸ்தாங்குளத்து ஓடையில் நின்றுவிட்டது. மருத்துவச்சி இடுப்பளவு தண்ணீரில் நடந்து வந்தாள்." அவனுடைய ஒவ்வொரு பிறந்தநாளிலும் நாங்கள் அந்த மருத்துவச்சிக்காகவும் நன்றி சொல்லியிருக்கிறோம். வெறும் தேதி இருந்திருந்தால் அவள் எங்கள் ஜெபத்துக்குள் வந்திருக்கமாட்டாள்.

துக்கத்தையும் விடாமல் எழுதவேண்டும். பாட்டியின் தாளில் ஐந்தாவது வரியில் ஒரு ஆண்பிள்ளையின் பிறந்த தேதியும், அதற்குப் பதினோரு நாள் கழித்து ஒரு தேதியும், "கர்த்தர் எடுத்துக்கொண்டார்" என்ற இரு சொற்களும் இருக்கின்றன. அந்தப் பிள்ளைக்கு வேறு எங்கும் பதிவு கிடையாது. பிறந்த பிள்ளைகள் எத்தனை பேர் என்று கேட்டவர்களிடம் பாட்டி கடைசிவரை அவனையும் சேர்த்தே எண்ணிச் சொன்னார். கருவிலே இழந்த பிள்ளையையும் தாய் விரும்பினால் எழுதலாம். அதைக் கேட்டுச் செய்யவேண்டும், மற்றவர்கள் முந்திக்கொள்ளக்கூடாது.

பிறந்தநாள் ஜெபம்

மாலையில் கேக் வெட்டுவதில் குறையொன்றுமில்லை. ஆனால் நன்றி காலையில், வீட்டார் மட்டும் இருக்கும் வேளையில் செலுத்தப்படுவது நல்லது. பள்ளிக்கும் வேலைக்கும் புறப்படுமுன் கால் மணி நேரம் ஒதுக்கினால் தாராளமாக முடியும். முந்தின இரவே ஒவ்வொருவரும் கடந்த ஓராண்டில் அந்த நபருக்குக் கர்த்தர் செய்த ஒரு நன்மையை நினைத்து வைத்துக்கொள்ளட்டும். காலையில் பாயை விரித்துப் பிறந்தநாள்காரரை நடுவில் உட்கார வையுங்கள். குடும்பப் பதிவேட்டில் அவருடைய பக்கத்தை ஒருவர் உரக்க வாசிக்கட்டும். பிறகு வேதவாசிப்பு. பெரியவர்களுக்கு 103ஆம் சங்கீதம் மிகவும் பொருந்தும், "அவர் செய்த சகல உபகாரங்களையும் மறவாதே" என்ற வார்த்தை அங்கேதான் இருக்கிறது. சிறு பிள்ளைகளுக்கு இயேசு வளர்ந்ததைச் சொல்லும் லூக்கா 2:52 ஒரு வசனமே போதும். முதியவர்களுக்கு, நரைவயதில் கைவிடாதிரும் என்று கேட்கும் 71ஆம் சங்கீதத்தை வாசியுங்கள்.

அடுத்து ஒவ்வொருவரும் நினைத்து வந்ததைச் சொல்லி நன்றி செலுத்தவேண்டும். இதில்தான் பெரும்பாலும் தவறுகிறோம். "இந்த வருடம் முழுவதும் நல்ல சுகமும் பெலனும் தந்தீர்" என்று பழகிப்போன வாக்கியத்தைச் சொல்லி முடித்துவிடுகிறோம்; அதைக் கேட்கும் பிள்ளைக்கு அது தன்னைப் பற்றியது என்றே தோன்றாது. அதற்குப் பதிலாக, "ஐப்பசியில் இவளுக்கு டெங்கு வந்து ஆறு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, மூன்றாம் நாள் தட்டணுக்கள் ஏறத் தொடங்கின என்று டாக்டர் சொல்லும்படி செய்தீரே, அந்த இரவுக்காக ஸ்தோத்திரம்" என்று சொல்லிப் பாருங்கள். பிள்ளை கண்ணைத் திறந்து உங்களைப் பார்க்கும். பாடத்தில் தேறியது, சைக்கிள் ஓட்டக் கற்றது, பிரிந்திருந்த தோழியோடு ஒப்புரவானது எதுவும் ஜெபத்துக்குச் சிறியதன்று.

முடிவில் வீட்டில் மூத்தவர் பிறந்தநாள்காரரின் தலையில் கையை வைத்து, பெயர் சொல்லி ஆசீர்வதிக்கவேண்டும். எண்ணாகமம் 6:24 முதல் 26 வரையுள்ள வார்த்தைகளை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். "கர்த்தர் உன்னை ஆசீர்வதித்து, உன்னைக் காக்கக்கடவர்" என்று தொடங்கும் அந்த மூன்று வசனங்களுக்கு மேல் எதையும் சேர்க்கத் தேவையில்லை. "படித்து முதல் மதிப்பெண் வாங்கவேண்டும்" என்று ஆசீர்வாதத்துக்குள் நம்முடைய ஆசையை நுழைப்பதைத் தவிர்க்கவேண்டும் என்றே நான் கருதுகிறேன். என் பாட்டி அதிகாலையில் இடித்த இஞ்சியின் வாசம் கையில் இருக்கும்போதே தலையில் கை வைப்பார். அறுபதைக் கடந்த பிறகும் இஞ்சி வாசம் வந்தால் அந்த வார்த்தைகள் எனக்குக் காதில் கேட்கின்றன.

அந்த வாரத்து ஞாயிறு ஆராதனையில் போதகர் பிறந்தநாள், திருமணநாள் காண்கிறவர்களை முன்னே அழைத்து ஜெபிக்கும் வழக்கமுள்ள சபையானால், ஸ்தோத்திரக் காணிக்கைக் கவரைப் பிள்ளையின் கையிலேயே கொடுத்தனுப்புங்கள். உண்டியலில் பிள்ளை சேர்த்ததிலிருந்து ஒரு பங்காவது அதில் இருக்கட்டும். திருமணநாளுக்கும் இதே ஒழுங்குதான். வாசிப்புக்கு 128ஆம் சங்கீதம். மரித்தவர்களின் நினைவுநாளில் பதிவேட்டில் அவர்களுடைய பக்கத்தை வாசித்து, அவர்களைத் தந்ததற்காக நன்றி சொல்லி முடிப்பது போதுமானது.

அன்றாடம்

நாள்தோறும் செய்யக்கூடியவை மூன்றைச் சொல்கிறேன். தூரப் பயணமோ தேர்வோ நேர்முகமோ எதற்காகப் புறப்பட்டாலும், வாசலில் நின்று 121ஆம் சங்கீதத்தின் கடைசி வசனத்தைச் சொல்லி அனுப்புங்கள்: "கர்த்தர் உன் போக்கையும் உன் வரத்தையும் இதுமுதற்கொண்டு என்றைக்கும் காப்பார்." செருப்பு மாட்டுகிற நேரத்துக்குள் சொல்லிவிடலாம். இரண்டாவது, பிடி அரிசி. உலையில் போட அளந்த அரிசியிலிருந்து கழுவுமுன் ஒரு கைப்பிடி எடுத்துத் தனிக் கலயத்தில் போட்டு, சேர்ந்ததை ஆலயத்துக்குக் கொண்டுபோகும் இந்த வழக்கம் தென்மாவட்டச் சபைகளில் பெண்களால் காக்கப்பட்டது. இப்போது அரிசியாகக் கொடுக்க இயலாவிட்டாலும் அடுப்படியில் ஒரு டப்பா வைத்து அன்றன்று ஒரு நாணயம் போடலாம்; சமைப்பவர் யாராக இருந்தாலும் அவரே போடவேண்டும். மூன்றாவது, இரவு குடும்ப ஜெபத்தில் அன்றைய நன்மை ஒன்றை ஒவ்வொருவரும் ஒரே வாக்கியத்தில் சொல்வது. களைப்பான நாளில் இதை மட்டும் செய்து, ஆண்டவர் கற்பித்த ஜெபத்தோடு முடித்துவிடலாம்.

டிசம்பர் 31 இரவு ஆராதனைக்குப் புறப்படுமுன் பதிவேட்டில் அந்த ஆண்டு எழுதப்பட்ட வரிகளை மட்டும் வாசியுங்கள். அதன் கீழே, வேதாகமத்தில் சாமுவேல் தீர்க்கதரிசி கல்லை நிறுத்திச் சொன்ன "இம்மட்டும் கர்த்தர் எங்களுக்கு உதவிசெய்தார்" என்ற வார்த்தையை எழுதி, அன்று வீட்டில் இருந்தவர்கள் எல்லாரும் கையெழுத்திடலாம். எழுதத் தெரியாத பிள்ளையின் விரல் ரேகையும் பதியட்டும்.

பிள்ளைகளுக்குத் திருமணமாகும்போது பதிவேட்டைப் பிய்த்துக் கொடுக்கவோ ஒருவருக்கு மட்டும் கொடுக்கவோ வேண்டாம். புதிய நோட்டு ஒன்றை வாங்கி, பெண்ணுடைய பக்கத்தை அவளுடைய தாய் தன் கையால் பார்த்தெழுதவேண்டும். மாப்பிள்ளையின் பக்கத்தை வெறுமையாக விட்டு, திருமணத்துக்கு முந்தின வாரம் அந்த நோட்டை அவருடைய தாயிடம் கொண்டுபோய்க் கொடுத்து, மகன் பிறந்த நாளில் நடந்ததை நினைவிலிருக்கிறபடி எழுதித் தரும்படி கேளுங்கள்.