தோல் உரியாமல் பிளாஸ்திரியை எடுப்பது: எண்ணெயா, ஸ்பிரிட்டா, சிலிக்கோனா?

ஆஸ்துமாவுக்காகப் பல ஆண்டுகள் ஸ்டீராய்டு மாத்திரை விழுங்கித் தோல் மெலிந்துபோன என் தாயாரின் முன்கையில், குளுக்கோஸ் ஏற்றிய இடத்தில் ஒட்டியிருந்த டைனாபிளாஸ்டை நான் ஒரே இழுப்பில் இழுத்தபோது, ஐந்து ரூபாய் நாணயத்தின் அகலத்துக்குத் தோலும் கூடவே வந்துவிட்டது. ஊசிக் குத்து இரண்டே நாளில் ஆறியது. நான் உண்டாக்கிய புண் ஆற மூன்று வாரம் பிடித்தது. பாலக்கோட்டுக்குப் பக்கத்திலுள்ள எங்கள் வீட்டுக்கு மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தின்கீழ் வந்துபோகும் செவிலியர் அந்தப் புண்ணைப் பார்த்துவிட்டு, "டேப்பை இழுக்காதீங்கண்ணா, தோலைத் தள்ளுங்க" என்றார். எந்தத் திரவத்தை வாங்கினாலும் அந்த ஒரு வாக்கியம் இல்லாமல் அது வேலை செய்யாது என்பதால், அதை முதலில் எழுதிவைக்கிறேன்.

திரவத்தைத் தேர்ந்தெடுக்கும்முன் ஒட்டியிருப்பது எது என்று பார்க்க வேண்டும். டைனாபிளாஸ்ட் போன்ற துத்தநாக ஆக்சைடு பிளாஸ்திரிகளில் இருப்பது பெரும்பாலும் ரப்பர் வகைப் பசை. ஒட்டிய கணத்திலேயே இறுகப் பற்றும், எடுத்த பிறகு ஓரங்களில் சாம்பல் நிறக் கறையாகத் தங்கித் தூசியை வாரிக்கொள்ளும். மைக்ரோபோர் என்னும் காகித டேப்பிலும், வென்ஃப்ளான்மேல் (மருந்து ஏற்ற இரத்தநாளத்தில் செருகும் சிறு குழாய்) ஒட்டும் ஒளி ஊடுருவும் படலத்திலும் இருப்பது அக்ரிலிக் பசை. அது உடல் சூட்டில் மெல்ல இளகித் தோலின் நுண்ணிய பள்ளங்களுக்குள் இறங்குவதால், ஒட்டிய ஒரு மணி நேரத்தில் எளிதாக வருவது மூன்றாம் நாள் பிடிவாதம் பிடிக்கும். சிலிக்கோன் பசை கொண்ட டேப்புகளுக்குப் பெரும்பாலும் எந்தத் திரவமும் தேவைப்படாது.

நம் வீடுகளில் முதலில் கைக்கு வருவது தேங்காய் எண்ணெய். குறை சொல்ல அதிகமில்லை. ரப்பர் பசையை நன்றாக இளக்கும், தோலில் எரிச்சல் தராது, செலவும் இல்லை. ஆனால் ஓரத்தில் தடவிய உடனே இழுத்தால் பயனில்லை; ஐந்து முதல் பத்து நிமிடம் ஊறவிட வேண்டும். தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும் என்பதால், மார்கழிக் காலையில் தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் புட்டியை வெந்நீரில் நிறுத்தி இளக்கிய பிறகே பயன்படுத்த முடியும். குழந்தைகளுக்குத் தேய்க்கும் பேபி ஆயிலுக்கு இந்தத் தொல்லை இல்லை. எண்ணெயின் உண்மையான குறை வேறு இடத்தில் இருக்கிறது. அது தோலில் தங்கிவிடும். சோப்பு போட்டுக் கழுவித் துடைத்து உலர்த்தாமல் அதே இடத்தில் மீண்டும் எதை ஒட்டினாலும் நிற்காது. எனவே கட்டை இனி மாற்ற வேண்டியதில்லை, இதுதான் கடைசிப் பிளாஸ்திரி என்றால் எண்ணெயே போதும்; கூடுதல் பணம் செலவிட வேண்டியதில்லை என்பது என் முடிவு.

அதே இடத்தில் நாளை மறுபடி ஒட்டியாக வேண்டும் என்றால் கணக்கு மாறுகிறது. வயிற்றில் துளையிட்டுக் கழிவு சேரப் பை பொருத்தியவர்கள், தினமும் புண்ணுக்குக் கட்டு மாற்றுபவர்கள், முதியவர்கள் ஆகியோருக்குச் சிலிக்கோன் வகைத் திரவமே ஏற்றது. இது பசையைக் கரைப்பதைவிட, பசைக்கும் தோலுக்கும் இடையே புகுந்து பிடிப்பை விடுவிக்கிறது; பிறகு சில நொடிகளில் ஆவியாகிவிடுவதால் பிசுக்கு எதுவும் மிஞ்சாது, கழுவாமலே புதிய டேப் பிடிக்கும். ஆல்கஹால் கலக்காத வகைகள் தோல் சிவந்திருந்தாலும் எரிச்சல் தருவதில்லை. கான்வாடெக் நிறுவனத்தின் நில்டாக், கோலோபிளாஸ்ட் நிறுவனத்தின் பிராவா ஆகியவை இந்த வகை. இரண்டும் ஸ்பிரேயாகவும், தனித்தனி உறையிலிட்ட துடைதாளாகவும் வருகின்றன. பெரிய பரப்புக்கு ஸ்பிரே வசதி; காதோரம், மூக்கோரம், விரலிடுக்கு போன்ற இடங்களுக்குத் துடைதாளே நல்லது, ஏனெனில் ஸ்பிரே எங்கு தெறிக்கும் என்று சொல்ல முடியாது, கண்ணில் படக் கூடாது. விலை கூடுதல் என்பதை மறைக்க முடியாது. எங்கள் ஊர் மெடிக்கலில் கேட்டால் வரவழைத்துத்தான் தருகிறார்கள் என்பதால், தீர்வதற்கு ஒரு வாரம் முன்பே சொல்லிவைக்கிறேன்.

சர்ஜிக்கல் ஸ்பிரிட்டை நான் கடைசியில் வைக்கிறேன். எஞ்சிய பசைக் கறையைத் துடைக்க அது உதவும் என்பது உண்மை. ஆனால் தோலை வறளச் செய்யும், சிறு கீறல் இருந்தாலும் தீயாய் எரியும். நகப்பூச்சு அழிக்கும் அசிட்டோன் தோலின் எண்ணெய்ப் பசையையே கரைத்து எடுத்துவிடும். மண்ணெண்ணெய், பெட்ரோல் இரண்டும் தோலைப் புண்ணாக்கக்கூடியவை. வண்டியில் ஒட்டிய ஸ்டிக்கரை எடுக்கும் உத்தியை மனிதத் தோலில் காட்ட வேண்டாம். ஆரஞ்சு மணம் வீசும் சிட்ரஸ் வகைத் திரவங்கள் நன்றாகவே வேலை செய்கின்றன, ஆனால் சிலருக்குச் சிவந்து அரிக்கும். எந்தப் புதிய திரவத்தையும் முதலில் உள்முன்கையில் ஒரு சொட்டு வைத்துப் பார்ப்பது நல்லது.

இனி கையின் வேலை. மூலையை நகத்தால் சுரண்டாமல், வேறொரு டேப் துண்டை அதன்மேல் ஒட்டித் தூக்கினால் நுனி எழும்பும். எழும்பிய நுனிக்கும் தோலுக்கும் இடைப்பட்ட கோட்டில் திரவத்தை விட வேண்டும். டேப்பின் முதுகில் தெளித்தால் வீண். வலக்கை டேப்பை மேல்நோக்கித் தூக்காமல், மடித்து, தோலை ஒட்டிப் படுத்தவாறே பின்னோக்கிக் கொண்டுபோக வேண்டும். இடக்கை விரல்கள், பசை விட்டுவரும் கோட்டுக்கு மிக அருகில் தோலை மெல்ல அழுத்தி டேப்பிலிருந்து விலக்கித் தள்ள வேண்டும். மயிர் சாய்ந்திருக்கும் திசையிலேயே போக வேண்டும். அரை அங்குலம் வந்ததும் நின்று, மீண்டும் ஈரப்படுத்தித் தொடர வேண்டும். என் தாயாரின் கையில் மூன்று அங்குல டைனாபிளாஸ்டை இப்படி எடுக்க இப்போது நான்கைந்து நிமிடம் ஆகிறது; அவர் பேச்சை நிறுத்துவதுகூட இல்லை. ஒளி ஊடுருவும் படலத்துக்கு மட்டும் முறை வேறு: ஓரத்தைப் பிடித்துத் தோலுக்கு இணையாக வெளிப்பக்கம் நீட்டி இழுத்தால் பசை தானே விடும்.

சில இடங்களில் இவை எதுவும் கூடாது. வென்ஃப்ளானோ டயாலிசிஸ் குழாயோ இன்னும் உள்ளே இருந்தால், எண்ணெய் பட்ட டேப் நழுவிக் குழாய் வெளியே வந்துவிடலாம். அசிட்டோன் போன்றவை சிலவகைக் குழாய்களையே கெடுக்கும். அந்த இடத்து டேப்பை மருத்துவமனையிலேயே மாற்றிக்கொள்ள வேண்டும். புற்றுநோய் வலிக்கு ஒட்டும் ஃபென்டனில் பட்டைக்கும் எண்ணெய், ஸ்பிரிட், சோப்பு எதுவும் ஆகாது, ஏனெனில் அவை மருந்து தோலுக்குள் இறங்கும் அளவைக் கூட்டிவிடலாம். வெறும் தண்ணீர் மட்டுமே. குறைமாதக் குழந்தையின் தோல் எதையும் உறிஞ்சிக்கொள்ளும் என்பதால், குழந்தை மருத்துவரைக் கேட்காமல் எந்தத் திரவமும் வேண்டாம். சிலிக்கோன் ஸ்பிரே எளிதில் தீப்பற்றும். அடுப்பங்கரையிலும், ஆக்சிஜன் இயந்திரம் ஓடும் அறையிலும் அடிக்கக் கூடாது. சித்திரை வெயிலில் நிறுத்திய வண்டியின் பெட்டிக்குள் அந்த டப்பாவை வைப்பதும் ஆபத்து.

இவ்வளவுக்குப் பிறகும் தோல் கிழிந்துவிட்டால், தொங்கும் தோலை வெட்டியெறியாமல், சுத்தமான நீரில் கழுவி, ஈரப்பஞ்சால் மெதுவாகப் பழைய இடத்திலேயே பரப்பி, புண்ணில் ஒட்டாத, வாசலின் தடவிய காஸ் துணியை வைத்து, மேலே சுருளாக வரும் ரோலர் துணியைத் தளர்வாகச் சுற்றி, ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்ட வேண்டும். என் தாயாருக்கு இப்போது கையிலும் காலிலும் பிளாஸ்திரி ஒட்ட வரும் ஒவ்வொருவரிடமும் அந்த ரோலர் துணியைத்தான் முதலில் எடுத்து நீட்டுகிறேன்.