தர்ஜுமாவில் (குர்ஆன் மொழிபெயர்ப்பில்) ஒரு ஆயத்தைப் (வசனத்தைப்) படித்ததும் தீர்ப்பு சொல்லாதீர்கள்

போன வாரம் சிவாஜிநகரிலிருந்து ஆட்டுக்கறி வாங்கி வந்த லாத்தா (அக்கா) மகன், கழுவும் தொட்டியருகே போனும் கையுமாக நின்றான். "மாமா, 5:3-ல ரத்தம் ஹராம்னு போட்டிருக்கு. இதைக் கழுவக் கழுவச் சிவப்பா வருதே?"

நல்ல கேள்விதான். ஆனால் ஒரே ஆயத்தோடு நின்றுவிட்டான். முதல் வேலை, அதே சொல் குர்ஆனில் வேறு எங்கே வருகிறது என்று தேடுவது. 6:145-ல், அதாவது ஆறாம் அத்தியாயம் 145-ஆம் வசனத்தில், "வழிந்தோடும் ரத்தம்" என்று அடைமொழியோடு வருகிறது. அடைமொழி இல்லாதது முத்லக், உள்ளது முகய்யத். விஷயமும் சட்டமும் ஒன்றாக இருந்தால் முத்லக்கை முகய்யத்தின்படி படிக்க வேண்டும். அறுக்கும்போது பீறிட்டு ஓடுவதுதான் ஹராம். சதையில் தங்கியதற்கு மன்னிப்பு உண்டு. சட்டம் ஒன்றாக இருந்தும் காரணம் வேறானால் கதையே வேறு. தவறுதலான கொலைக்கு "ஈமான் கொண்ட அடிமையை" விடுதலை செய்யச் சொல்கிறது 4:92. மனைவியைத் தாய்க்கு ஒப்பிட்டு விலக்கும் ளிஹாருக்கு 58:3-ல் வெறும் "அடிமை". ஷாஃபிஈ மத்ஹப் (சட்டப் பள்ளி) "ஈமான் கொண்ட" என்ற நிபந்தனையை இங்கும் சேர்க்கும், ஹனஃபி சேர்க்காது.

அடுத்து ஏவல், அதாவது "செய்யுங்கள்" என்னும் கட்டளைச் சொல். "தொழுகையை நிலைநாட்டுங்கள்" என்பது கடமை. ஹஜ், உம்ராவுக்கான இஹ்ராம் நிலையைக் களைந்தபின் "வேட்டையாடுங்கள்" (5:2) என்பது, வெறும் வயிற்றில் ரத்தம் எடுத்த நர்ஸ் "இனி சாப்பிடுங்க" என்பது மாதிரி. தடை நீங்கியது, அவ்வளவுதான்.

எங்கள் வீட்டில் தினமும் உரசுவது மூன்றாவது விஷயம்: சொல் நேர்ப்பொருளிலா (ஹகீகத்), வேறு பொருளிலா (மஜாஸ்)? நான் காயல்பட்டினம், ஷாஃபிஈ. மனைவி ராவுத்தர் குடும்பம், ஹனஃபி. மஃரிபுக்கு (அந்தி நேரத் தொழுகைக்கு) ஒளு (கை, முகம், கால் கழுவும் சுத்தம்) செய்து வந்த எனக்குத் துண்டு நீட்டும்போது அவள் விரல் பட்டால் நான் மறுபடி ஒளு செய்யப் போவேன். அவள் நேரே முஸல்லாவுக்கு (தொழுகை விரிப்புக்கு) போவாள். டேங்கர் தண்ணீர் வாங்கும் பெங்களூர் வீட்டில் இது சின்ன விஷயமா?

ஒளுவைப் பற்றிப் பேசும் 5:6-ல், பெண்களைக் குறித்து வரும் "லாமஸ்தும்" என்ற சொல்தான் காரணம். லம்ஸ் என்றால் தொடுதல். நேர்ப்பொருளை விட்டு நகர ஒரு அடையாளம், அதாவது கரீனா வேண்டும். இங்கே அது இல்லை என்பது எங்கள் தரப்பு. நபித்தோழர் இப்னு அப்பாஸ் அதைத் தாம்பத்தியம் என்றே விளக்கினார் என்பது அவள் தரப்பு. 2:237-ல் வேறு சொல்லானாலும் "தொடுமுன்" என்பது அதைத்தானே குறிக்கிறது என்பாள் அவள். லாமஸ்தும் என்ற வினை வடிவம் இருவர் பங்கையும் காட்டுகிறது என்பது அவளுடைய அடுத்த அம்பு. குர்ஆன் ஓதல் முறை இமாம்களான ஹம்ஸா, கிஸாயீ ஓதலில் அது "லமஸ்தும்" என்று குறிலாக வருகிறதே, அதில் இருவர் பங்கு தெரியவில்லையே என்பேன் நான்.

இப்போதெல்லாம் துண்டை நாற்காலியில் போட்டுவிட்டுத்தான் என்னைக் கூப்பிடுகிறாள்.